ஒரு பழைய கவுனைப் படிப்பது எப்படி? லேடி கர்சனின் மயில் உடையை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

1903 ஜனவரி 6 அன்று இரவு தில்லிச் செங்கோட்டையில் ஒரு நடன விருந்து. மன்னர் ஏழாம் எட்வர்ட் முடிசூடியதைக் கொண்டாட வைஸ்ராய் கர்சன் பிரபு நடத்திய தர்பாரின் ஒரு பகுதி அது. கர்சனின் மனைவி மேரி அன்று உடுத்தியிருந்த கவுன் முழுக்க மயில்தோகை. ஒவ்வொரு இறகின் கண்ணிலும் பச்சையும் நீலமுமாக ஏதோ மின்னியது. மரகதம் என்றே பலர் நினைத்தார்களாம். உண்மையில் அவை வண்டின் இறக்கை உறைகள். நம் ஊர்ப் பிள்ளைகள் தீப்பெட்டியில் இலை போட்டு வளர்க்கிற பொன்வண்டுக்குச் சொந்தக்கார வண்டுகள்.

அந்தக் கவுன் இன்றும் இருக்கிறது. இங்கிலாந்தின் டார்பிஷயரில், கர்சன் குடும்பத்தின் கெடில்ஸ்டன் ஹால் மாளிகையில், கண்ணாடிப் பெட்டிக்குள். இப்போது அதைப் பராமரிப்பது நேஷனல் டிரஸ்ட் என்னும் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு. படங்களும் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன.

கவுன் என்றால் நமக்குப் பிறந்தநாள் சிறுமிதான் ஞாபகம் வரும். இங்கே பேசப்போவது ஐரோப்பிய, அமெரிக்கப் பணக்காரப் பெண்கள் இரவு விருந்துக்கும் நடனத்துக்கும் உடுத்திய நீளக் கவுன்களைப் பற்றி. அப்படி ஒன்றை அருங்காட்சியகத்திலோ படத்திலோ பார்க்கும்போது "எவ்வளவு அழகு" என்பதைத் தாண்டி அதிலிருந்து என்னென்ன தெரிந்துகொள்ளலாம், அதை உடுத்திய பெண் வரை எப்படிப் போய்ச் சேரலாம் என்று படிப்படியாகச் சொல்கிறேன். இதே முறை வீட்டுப் பீரோவில் கிடக்கும் பழைய பட்டுப்புடவைக்கும் வெல்வெட் ரவிக்கைக்கும் அப்படியே பொருந்தும். சொல்லப்போனால், பட்டும் ஜரிகையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த வேலை கொஞ்சம் சுலபம்.

தேவையானவை: ஒரு நோட்டு, பென்சில் (பேனா வேண்டாம், மை சிந்தினால் போச்சு), இஞ்சு டேப், சின்ன பூதக்கண்ணாடி, டார்ச், துவைத்த வெள்ளைப் பருத்தி விரிப்பு. கை கழுவித் துடைத்திருக்க வேண்டும். வளையல், மோதிரம், கடிகாரம் எல்லாம் கழற்றி வையுங்கள். ஒரு மோதிர முனை போதும், நூறு வருஷச் சரிகை நூலை இழுத்துவிடும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடுத்திப் பார்க்கக் கூடாது. ஒரே ஒரு போட்டோவுக்காகக்கூட.

1. தொடாமல் தள்ளி நின்று பாருங்கள்

கையோடு எம்பிராய்டரிக்குப் போய்விடாதீர்கள். ஆறேழு அடி தள்ளி நின்று வடிவத்தை மட்டும் வரையுங்கள். தோள் எங்கே முடிகிறது, இடுப்பு எங்கே இருக்கிறது, பாவாடை எங்கே விரிகிறது, பின்னால் எவ்வளவு துணி தரையில் இழுபடுகிறது. இந்தக் கோட்டோவியம்தான் காலக்கணிப்புக்கு அடிப்படை. மேற்கத்திய நாகரிக உடையில் வடிவம் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை மாறிவிடும். அதனால் வடிவத்தைப் பார்த்தாலே பத்தாண்டு பிடிபடும்.

1850, 60களில் பாவாடைக்குள் எஃகு வளையக் கூண்டு, அதனால் மணி போன்ற விரிவு. 1870, 80களில் முன்பக்கம் தட்டை, பின்புறத்தில் மட்டும் மேடு. 1895 வாக்கில் தோளில் பலூன் மாதிரி கை. 1900க்குப் பிறகு சில ஆண்டுகள் மார்பை முன்னும் இடுப்பைப் பின்னுமாகத் தள்ளும் கோர்செட் (உடலை இறுக்கும் விறைப்பான உள்ளாடை), பக்கவாட்டில் பார்த்தால் ஆங்கில எஸ் எழுத்து போன்ற உடல், முழங்காலுக்குக் கீழே எக்காளம் போல விரியும் பாவாடை. 1910ஐ ஒட்டி இடுப்பு மேலே ஏறிக்கொள்கிறது. 1920களில் குழாய் போன்ற நேர் உடை, கொத்துக் கொத்தாக மணி. 1930களில் துணியை மூலைவாட்டில் வெட்டி உடலோடு வழியவிட்ட சாட்டின். 1947இல் பாரிஸ் உடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் மறுபடி இடுப்பைச் சிறுத்துப் பாவாடையை விரித்தார்.

மயில் உடையை இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். தாழ்ந்த கழுத்து, இறுகிய இடுப்பு, கீழே விரிந்து பின்னால் நீண்டு இழுபடும் துணி. தேதி தெரியாவிட்டாலும் 1900களின் தொடக்கம் என்று சொல்லிவிடலாம்.

2. துணி என்ன?

இனி பக்கத்தில் போகலாம். மயில் உடையின் அடித்துணி ஷிஃபான். மெல்லிய, காற்றில் பறக்கும் பட்டு. அதன்மேல் கனத்த உலோக நூல் வேலை. இந்தப் பொருத்தமே விசித்திரம்: மூச்சு விட்டாலே அசையும் துணியின் மேல் கம்பி. மொத்த எடை சுமார் 4.5 கிலோ என்கிறார்கள். கனமான கல்யாணப் பட்டைப் போலச் சில மடங்கு.

பழைய பட்டில் ஒரு சூது உண்டு. பட்டுக்கூட்டு நூலில் கால்வாசி வரை கோந்து. அதைக் கொதிக்கவைத்து நீக்கினால்தான் பளபளப்பு வரும், ஆனால் எடை குறைந்துவிடும். எடைக்கு விற்கிற பொருள் அல்லவா? 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய ஆலைகள் தகர உப்பில் பட்டை ஊறவைத்து எடையைத் திரும்ப ஏற்றின. துணி கனத்து, சரசரவென்று அழகாக விழுந்தது. நூறு ஆண்டு கழித்து அதே உப்பு இழையை அரித்து, பட்டு நீள நீளமாகக் கீறிக் கிழிகிறது. பெட்டியைத் திறக்கும்போது மடிப்பிலெல்லாம் கத்தி போட்ட மாதிரி கிழிந்திருந்தால் எலியைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் இந்த உப்பின் வேலைதான்.

சொந்தத் துணியாக இருந்து, தையலுக்குள் பிரிந்து தொங்கும் இழை ஒன்று கிடைத்தால் மட்டும் எரித்துப் பார்க்கலாம். பட்டு முடி கருகிய வாசனை தரும், கரி விரலில் பொடியாகும். பருத்தி காகிதம் போல எரியும். நைலான் உருகிக் கெட்டி உருண்டையாகும். தகர உப்பு ஏற்றிய பட்டு எரிந்த பிறகும் இழையின் வடிவத்திலேயே சாம்பல் நிற்கும். அருங்காட்சியகப் பொருளில் இந்த ஆராய்ச்சி வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

3. வேலைப்பாட்டைப் படியுங்கள்

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மயில் உடையின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அந்த உலோக நூல் வேலைக்கு ஜர்தோசி என்று பெயர். நமக்குப் புதிதில்லை. இன்று எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் மணப்பெண் ரவிக்கையில் ஆரி வேலையும் ஜர்தோசியும் இல்லாமல் இருக்காது. சட்டத்தில் துணியை முரசு போல இழுத்துக் கட்டி, சுருள் கம்பியைச் சிறு சிறு துண்டாக வெட்டி, மணி கோப்பது போல ஊசியில் கோத்துத் தைக்கிறார்களே, அதே முறைதான். ஆண்கள் சட்டத்தைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கமாகத் தைப்பார்கள். தில்லி, ஆக்ரா கைவினைஞர்கள் லேடி கர்சனுக்காகத் தைத்ததும் இந்த வகைதான். மயில் இறகுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அடுக்கடுக்காக, ஓட்டுக் கூரை போல, துணி முழுவதும் மூடியிருக்கின்றன.

பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டியவை மூன்று. உலோக நூல் துணிக்குள் புகுந்து வெளிவருகிறதா, அல்லது மேலே கிடத்தி வேறு மெல்லிய நூலால் கட்டியிருக்கிறதா? தட்டைத் தகடா, முறுக்கிய சுருளா, பட்டு நூலின்மேல் சுற்றிய ஜரிகையா? பின்பக்கத்தில் முடிச்சு எப்படிப் போட்டிருக்கிறார்கள்? ஒரே உடையில் இரண்டு மூன்று விதமான கைப்பழக்கம் தெரிந்தால், ஒன்றுக்கு மேற்பட்டவர் தைத்தது என்று எழுதிக்கொள்ளலாம்.

அப்புறம் வண்டு. வண்டுக்கு இரண்டு ஜோடி இறக்கை. பறப்பது உள்ஜோடி, வெளிஜோடி கெட்டியான மூடி. அந்த மூடியைத்தான் ஓரம் நறுக்கி, துளையிட்டு, சமிக்கி மாதிரி தைப்பார்கள். நம் கிராமங்களில் பிடிக்கிற ஒருவகைப் பொன்வண்டுக்குக் கழுத்துப்பகுதி பச்சை, முதுகு செம்பழுப்பு. எம்பிராய்டரிக்குப் பயன்பட்டவை முதுகே பச்சையாக மின்னும் இனங்கள். இந்தப் பச்சை சாயம் அல்ல. இறக்கை உறையில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அடுக்குகள் பல இருக்கின்றன, அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளிதான் அந்த நிறம். அதனால் சாயம் போல வெளுப்பதில்லை.

இந்த வேலை தில்லிக்கு மட்டும் சொந்தமும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் மெட்ராஸிலிருந்தும் வெள்ளை மஸ்லினில் வண்டு இறக்கை பதித்த துணிகள் இங்கிலாந்துச் சீமாட்டிகளுக்குப் போயின. லண்டன் நாடக மேடையில் 1888இல் நடிகை எலன் டெர்ரி ஷேக்ஸ்பியரின் லேடி மக்பெத்தாக உடுத்திய பச்சை உடையிலும் இதே இறக்கைகள்தான்.

4. உள்பக்கத்தைத் திருப்புங்கள்

வெளிப்பக்கம் ஊருக்காகத் தைத்தது. நமக்கு வேண்டியது உள்ளே இருக்கிறது. அருங்காட்சியகத்தில் இதற்கு வழியில்லை, பல நிறுவனங்கள் இணையத்தில் உள்பக்கப் படங்களும் போடுகின்றன, தேடிப் பாருங்கள்.

முதலில் இடுப்பு நாடா. அந்தக் காலக் கவுனின் உள்ளே, இடுப்பில் மட்டும் தைத்த ஒரு கெட்டிப் பட்டை இருக்கும். கனத்தை அது தாங்கும், வெளித்துணி மேலே ஏறாமல் பிடித்துக்கொள்ளும். தையலகத்தின் பெயர் நெய்த முத்திரையும் பெரும்பாலும் அதில்தான். மயில் உடையைத் தைத்து முடித்தது பாரிஸ் நகரின் வொர்த் நிறுவனம். சார்லஸ் ஃப்ரெடரிக் வொர்த் 1825இல் இங்கிலாந்தில் பிறந்தவர், துணிக்கடைகளில் வேலை பார்த்துப் பழகி, 1858இல் பாரிஸில் கூட்டாளியோடு சொந்தத் தையலகம் தொடங்கினார். ஓவியர் படத்தில் கையெழுத்துப் போடுவது போலத் தன் பெயரை உடைக்குள் தைத்தவர். அவர் 1895இல் இறந்தபின் மகன்கள் நடத்தினார்கள். மயில் உடை உருவான காலத்தில் வடிவமைப்பு மகன் ழான் ஃபிலிப் வொர்த்தின் கையில்.

முத்திரை இருந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்திலேயே போலி வொர்த் முத்திரைகள் உலவின. நல்ல முத்திரையை ஒரு கிழிந்த உடையிலிருந்து பிரித்து வேறொன்றில் தைத்ததும் உண்டு. முத்திரையைச் சுற்றியுள்ள தையல் நூல் உடையின் மற்ற நூலோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது விறைப்புக் குச்சிகள். "திமிங்கில எலும்பு" என்று சொல்வார்கள், எலும்பு இல்லை. திமிங்கிலத்தின் வாயில் சல்லடை போலத் தொங்கும் தகடு. எஃகுக் குச்சி என்றால் துருக் கறை துணியில் தெரியும். பூட்டும் முறையையும் கவனியுங்கள்: கொக்கியும் வளையமுமா, அழுத்துப் பொத்தானா, ஜிப்பா? நாகரிகக் கவுன்களில் ஜிப் வந்தது 1930களின் நடுவில். அதற்கு முந்தைய உடையில் ஜிப் இருந்தால் யாரோ பின்னால் மாற்றியிருக்கிறார்கள். நீளமான தையல்களை இயந்திரத்தில் போட்டிருப்பார்கள், அலங்காரத்தைக் கையில் போட்டிருப்பார்கள். 1860களுக்குப் பிறகு இரண்டும் சேர்ந்தே வரும், விலை உயர்ந்த உடை முழுக்கக் கைத்தையல் என்பது தவறான எண்ணம்.

தையலுக்குள் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்பதை அளந்து எழுதுங்கள். "உள்ளே கொஞ்சம் விட்டுத் தைங்க" என்று நாம் டெய்லரிடம் சொல்வதைப் போல அவர்களும் விட்டார்கள். பிரித்துத் தைத்த பழைய ஊசித்துளை வரிசை தெரிந்தால், அந்தப் பெண்ணின் உடல் மாறியிருக்கிறது. பிள்ளைப்பேறாக இருக்கலாம், நோயாக இருக்கலாம், தங்கை வாங்கி உடுத்தியதாகவும் இருக்கலாம்.

5. அளவு எடுங்கள்

கொக்கியெல்லாம் மாட்டிய நிலையில் உள்சுற்றளவை அளக்க வேண்டும்: மார்பு, இடுப்பு, முன்கழுத்திலிருந்து இடுப்பு வரை, இடுப்பிலிருந்து தரை வரை. இடுப்பளவு குறைவாகத்தான் வரும், உள்ளே கோர்செட் இருந்தது. "அந்தக் காலத்துப் பெண்களெல்லாம் ஒல்லி" என்று உடனே எழுதிவிடாதீர்கள். பெரிய உடையில் துணி அதிகம், அதைப் பிரித்து மறுபடி எதையாவது தைத்துக்கொள்வார்கள். யாருக்கும் பொருந்தாத சின்ன உடை பெட்டியில் தங்கிவிடுகிறது.

6. உடுத்திய பெண்ணைத் தேடுங்கள்

மேரி விக்டோரியா லைட்டர் 1870இல் சிகாகோவில் பிறந்தவர். அப்பா லீவை லைட்டர், மார்ஷல் ஃபீல்டோடு கூட்டுச் சேர்ந்து சிகாகோவின் பெரிய துணிக்கடையை நடத்திக் கோடீஸ்வரரானவர். ஆக, ஆங்கிலப் பிரபுக்களின் உலகில் இவர் துணிக்கடைக்காரர் மகள். இதை யாராவது குறையாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு மயில் உடையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல சாவி கிடைக்கவில்லை. துணியின் தரத்தையும் கையின் தரத்தையும் தெரிந்த வீட்டில் வளர்ந்தவர்.

1895இல் வாஷிங்டனில் ஜார்ஜ் கர்சனை மணந்தார். 1899 ஜனவரியில் கர்சன் வைஸ்ராயாகப் பொறுப்பேற்க, 28 வயதில் இந்தியாவின் முதல் சீமாட்டி. கல்கத்தாவில் அவர் குடியேறிய அரசு மாளிகை கர்சன் குடும்பத்தின் கெடில்ஸ்டன் ஹாலை மாதிரியாக வைத்துக் கட்டியது. கணவருக்குப் பிறந்த வீட்டு வாசனை, மனைவிக்கு எல்லாமே புதிது.

இந்திய எம்பிராய்டரியில் மேரிக்கு ஈடுபாடு இருந்தது. 1902இல் அரசி அலெக்சாண்ட்ரா முடிசூட்டு விழாவுக்கு உடுத்திய பொன்னிற உடையின் துணி இந்தியாவில் எம்பிராய்டரி செய்யப்பட்டது. அந்த ஏற்பாட்டைக் கவனித்தவர் மேரிதான். மயில் உடை தனியாக முளைத்த ஆசை இல்லை, அதற்கு முன்னால் ஒத்திகை நடந்திருக்கிறது.

ஒருவரைத் தேடும்போது கையில் எடுக்க வேண்டியவை: கடிதம், நாட்குறிப்பு, தையலகக் கணக்கு, செய்தித்தாள், புகைப்படம், ஓவியம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. செய்தித்தாள் நிருபர் உடையைத் தூரத்திலிருந்து பார்த்து நிறத்தைத் தப்பாக எழுதுவார். அந்தக் காலப் புகைப்படத்தில் நிறமே இல்லை, வண்ணம் தெரிந்தால் பிறகு தூரிகையால் பூசியது. ஓவியத்தில்தான் அதிகம் ஏமாறுவோம். வில்லியம் லாக்ஸ்டெயில் வரைந்த, மயில் உடையில் மேரி நிற்கும் பெரிய ஓவியம் கெடில்ஸ்டனில் இருக்கிறது. அதைப் பார்த்து "அன்றிரவு இப்படித்தான் நின்றார்" என்று சொல்லத் தோன்றும். அது முடிந்த ஆண்டு 1909. மேரி 1906 ஜூலையிலேயே, 36 வயதில், லண்டனில் இறந்துவிட்டார். 1904இல் மூன்றாவது மகள் பிறந்த ஆண்டிலேயே கடும் நோய் வந்து பிழைத்தவர், அதன்பின் உடம்பு முழுதாகத் தேறவில்லை. ஆகவே அந்த ஓவியத்தில் நாம் பார்ப்பது மனைவியை இழந்த கணவரின் வீட்டுக்காக வரைந்த மேரி. உடையின் விவரத்துக்கு ஓவியத்தைப் பயன்படுத்துங்கள். முகபாவத்தை வைத்துக் கதை கட்டாதீர்கள்.

7. உடுத்திய நாளைக் கண்டுபிடியுங்கள்

அலமாரியில் தொங்கும் கவுனும் அந்த நாளின் கவுனும் வேறு வேறு. எங்கே, யார் முன்னால், எந்த விளக்கில் என்று கேளுங்கள்.

1903 தர்பாருக்காகத் தில்லிக்கு வெளியே வெட்டவெளியில் கூடார நகரமே எழுந்தது. சிற்றகல ரயில், தபால் நிலையம், தொலைபேசி, மருத்துவமனை, மின்விளக்கு எல்லாம் உண்டு. மன்னர் வரவில்லை, தம்பி கன்னாட் கோமகன் வந்தார். மன்னர் இல்லாத மேடையில் எல்லாக் கண்ணும் வைஸ்ராய் தம்பதியின் மேல். முடிசூட்டு விழாவைக் குறிக்கும் "கரொனேஷன்" என்ற சொல்லில் கர்சன் பெயரை நுழைத்து "கர்சனேஷன்" என்று கேலிப்பெயரே வந்துவிட்டது.

அப்புறம், ஏன் மயில்? விருந்து நடந்த இடத்தைப் பாருங்கள். ஷாஜஹானின் மயிலாசனம் இருந்தது அந்தச் செங்கோட்டையில். 1739இல் நாதிர்ஷா அதைப் பாரசீகத்துக்கு அள்ளிக்கொண்டு போனான். மயிலாசனம் இல்லாத அரண்மனைக்குள் தோகை போர்த்த ஒரு பெண் நடந்து வருகிறாள், அதுவும் ஆட்சியாளரின் மனைவி. இதற்கு மேல் விளக்கம் தேவையா?

இதே தர்பாரை வேறு பக்கத்திலிருந்து பார்த்தவர்களும் உண்டு. 1899, 1900இல் கடும் பஞ்சம் அடித்து ஓய்ந்த நேரம் அது. 1903 டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு மெட்ராஸில் கூடியது. தலைவர் லால்மோகன் கோஷ், மக்கள் பசியில் வாடும்போது வரிப்பணத்தை வாணவேடிக்கையிலும் ஊர்வலத்திலும் கொட்டியதைத் தலைமையுரையிலேயே கண்டித்தார். உடையின் கோப்பில் இந்தக் காகிதமும் இருக்க வேண்டும். விருந்தினர் பட்டியலை மட்டும் சேர்த்துவைத்தால் பாதிக் கோப்புதான்.

8. கைகளைத் தேடுங்கள்

பெரும்பாலான வழிகாட்டிகள் முந்தைய படியோடு நின்றுவிடும். நான் இந்தப் படியைத் தாண்டவிட மாட்டேன்.

மயில் உடை போன வழியை வரைந்து பாருங்கள். துணித் துண்டுகளில் தோகை வேலை இந்தியாவில் நடந்தது. தைத்த துண்டுகள் கப்பலேறிப் பாரிஸ் போயின. வொர்த் அவற்றைச் சேர்த்துக் கவுனாக்கி, தரையில் இழுபடும் ஓரத்தில் வெள்ளை ஷிஃபான் ரோஜாக்களை வைத்தது. பிறகு மறுபடி கப்பல், மறுபடி தில்லி. உடலுக்குப் பொருந்தும் வெட்டு பாரிஸ் கை. கண்ணைப் பறிக்கும் எல்லாமே இந்தியக் கை. உடைக்குள் பெயர் தைத்துக்கொள்ளும் வழக்கம் எந்தக் கைக்கு இருந்தது என்பது நான்காம் படியிலேயே தெரிந்துவிட்டது.

தர்பாரையொட்டி கர்சன் தில்லியில் இந்தியக் கலைப் பொருட்காட்சி ஒன்றும் நடத்தினார். ஐரோப்பியப் பாணி கலந்த எதுவும் அதில் கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. அதே வாரத்தில் அவர் மனைவி உடுத்தியது தில்லி எம்பிராய்டரியும் பாரிஸ் வெட்டும் கலந்த உடை. அந்தப் பொருட்காட்சிக்கு இந்தக் கவுன் வந்திருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

உங்கள் கையில் உள்ள துணிக்கும் இந்தப் படத்தை வரையுங்கள். இழை எங்கே, சாயம் எங்கே, நெசவு எங்கே, ஜரிகை எங்கே, தையல் எங்கே. நான்கு ஊராவது வரும்.

9. காயங்களை எழுதுங்கள்

கறை, கிழிசல், ஒட்டு, மாற்றுத்தையல் எல்லாவற்றையும் முதலில் வரைந்த கோட்டோவியத்தில் குறியுங்கள். அக்குளில் உப்புக் கோடு என்றால் அதை உண்மையிலேயே உடுத்தி ஆடியிருக்கிறார்கள். இழுபடும் ஓரத்தில் தேய்வே இல்லையென்றால் நடந்தது கம்மி, நின்று காட்டியது அதிகம். இடது தோளில் மட்டும் ஊசித்துளை என்றால் புரோச் குத்திய இடம்.

மயில் உடையில் பெரிய காயம் காலத்தால் வந்தது. உலோக நூல் கறுத்துவிட்டது. வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து கறுக்கும், மேலே உள்ள பொன்முலாம் மெலிந்த இடத்தில் சீக்கிரம் கறுக்கும். பாட்டியின் பட்டில் கொசுவம் செருகுகிற இடத்து ஜரிகை மட்டும் கறுத்திருக்குமே, அதே வேதியியல். வண்டு இறக்கையோ அப்படியே மின்னுகிறது. ஆகவே இன்று கண்ணாடிப் பெட்டி முன்னால் நிற்பவர் கண்ணில் முதலில் படுவது பச்சை. 1903இல் முதலில் பட்டது பொன்னாகத்தான் இருக்கும். அந்தப் பொன்னுக்குள் கிட்டே வந்தால்தான் பச்சைக் கண்கள். இப்போதைய தோற்றத்தை வைத்து அன்றைய விளைவை எழுதும்போது இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுங்கள்.

கறுத்ததைத் துலக்கலாமா? கூடாது. வெள்ளிப் பாத்திரப் பவுடர் பொன்முலாமையும் சேர்த்து உரித்துவிடும்.

10. எடுத்து வையுங்கள்

கனமான வேலைப்பாடுள்ள எதையும் ஹேங்கரில் தொங்கவிடாதீர்கள். அதன் எடையே தோளைக் கிழிக்கும். தட்டையாக, முடிந்தால் மடிக்காமல், முடியாவிட்டால் மடிப்புக்குள் அமிலமில்லாத மெல்லிய தாளையோ துவைத்த பழைய வேட்டித் துணியையோ உருட்டி வைத்துப் படுக்கவையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் அடைந்துகொள்ளும். அந்துருண்டை ஜரிகையைத் தொடக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுகிற வீட்டுப் பழக்கம் பொன்னானது, அதை விட்டுவிடாதீர்கள். வெளிச்சம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அருங்காட்சியகங்கள் பட்டுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டவிடுவதில்லை, சாதாரண அலுவலக வெளிச்சத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் அது.

கடைசியாக, ஒரு பருத்தி நாடாத் துண்டில் பென்சிலால் எழுதி உடையோடு தளர்வாகக் கட்டுங்கள்: யார் உடுத்தியது, எந்த நாள், எந்த ஊர், யார் நெய்தது, யார் தைத்தது. தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள், வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு நிரப்புங்கள்.

என் அப்பத்தாவின் கூறைப்புடவையை, பழைய பட்டு வாங்க வந்த தெரு வியாபாரியிடம் ஜரிகை எடைக்குப் போட்டுவிட்டார்கள். உருக்கினால் வெள்ளி வரும் அல்லவா. முந்தானையில் ஒரு சாண் மட்டும் பெட்டியின் அடியில் தங்கியது. அதில் நான் கட்டிய நாடாவில் அப்பத்தா பெயரும் கல்யாணத் தேதியும் இருக்கின்றன. நெய்தவர் பெயர் இருக்க வேண்டிய வரி காலி. கேட்க வேண்டியவர்கள் யாரும் இப்போது இல்லை.